வழக்கறிஞர் தொடங்கிய கப்பல் கம்பெனி

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் கப்பலும் நம் நினைவுக்கு வருகின்றன. கப்பல் என்றவுடன் வ. உ. சிதம்பரம் பிள்ளை நினைவுக்கு வருகிறார். பள்ளி நாட்களில் ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘செக்கிழுத்த செம்மல்’ என்னும் இரு பட்டங்களையும் மனப்பாடம் செய்து எழுதி நாம் எல்லோரும் மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் அவர் பொறியாளர் அல்லர், மாலுமி அல்லர், கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவரும் அல்லர். அவர் ஒரு வழக்கறிஞர். வழக்காடிப் பிழைத்த ஒருவர், அக்காலத்தின் பெருந்தொழில்நுட்பமான நீராவிக் கப்பலைக் கொண்டு ஒரு கம்பெனியை நடத்தத் துணிந்தது எப்படி? அந்தத் துணிவுக்கு அவர் கற்ற சட்டம் எவ்வளவு துணை செய்தது? எந்த இடத்தில் துணை செய்யாமல் நின்றது? இவற்றை ஒரு வணிகவியல் மாணவனின் கண் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நட்டத்திலிருந்து எழுந்தது. என் அண்ணன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவன். விசைப்படகுகளில் பொருத்தும் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் முதலிய கருவிகளைப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவன். நண்பர் இருவரோடு சேர்ந்து கடை ஒன்று தொடங்கினான். உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் அப்பா சேர்த்து வைத்திருந்த பணமும், அம்மாவின் நகையை அடகு வைத்த பணமுமாக ஒன்றரை லட்சம் ரூபாய் அதில் போயிற்று. யார் எவ்வளவு போட்டார்கள், வாங்கிய கருவிகள் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பேச்சுதான் பத்திரம். ஒன்றரை ஆண்டில் கூட்டு உடைந்தது. அண்ணனுக்குத் தொழில் தெரிந்திருந்தது. தொழிலுக்கு ஓர் உருவம் கொடுக்கத் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் வ. உ. சி.யின் கம்பெனியைப் பற்றி மீண்டும் படிக்கத் தொடங்கினேன்.

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

வ. உ. சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளையும் வழக்கறிஞரே. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, பிளீடர் தேர்வில் தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1900இல் தூத்துக்குடிக்கு வந்தார். பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளில் தோன்றிப் பெயர் பெற்றார். நல்ல வருமானம் இருந்தது. அந்த வருமானத்தோடு அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் வந்து சேர்ந்த ஊர் சாதாரணமான ஊர் அன்று. 1876இலேயே தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை வந்துவிட்டது. இரயிலில் வந்து இறங்குவோர் இங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு செல்வர். இலங்கையின் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகரும், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் இவ்வழியே சென்றன. அந்தக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பல கடல்களில் ஓட்டிய கம்பெனி அது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். இவ்வூரின் கோரல் மில்லும் அவர்கள் நிர்வாகத்திலேயே இருந்தது.

1905இல் வங்கப் பிரிவினை நிகழ்ந்தது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிற்று. பிற ஊர்களில் சுதேசி என்றால் துணி, தீப்பெட்டி, சோப்பு என்று பொருள்பட்டது. வ. உ. சி.யும் தர்ம சங்க நெசவுச்சாலை போன்ற முயற்சிகளில் ஈடுபட்டவரே. ஆனால் துறைமுக ஊரில் வாழ்ந்த அவருக்கு வேறொன்றும் புலப்பட்டது. பொருளை நாமே செய்தாலும், அதை ஏற்றிச் செல்லும் கப்பல் அயலானுடையது என்றால், கட்டணத்தைக் குறிப்பவன் அவனே. ஆகவே கப்பலே சுதேசியாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

வாடகைக் கப்பல் கற்பித்த பாடம்

முதலில் அவர்கள் கப்பலை விலைக்கு வாங்கவில்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்குப் பேசிக் கப்பல் ஓட்டினர். எதிர்க் கம்பெனி கப்பல் உரிமையாளரை நெருக்கியது. அவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பயணத்துக்குக் காத்திருந்த மக்களையும் ஏற்றத்துக்குக் காத்திருந்த சரக்கையும் வைத்துக்கொண்டு, இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை அவசரமாக வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்கும் பல புதிய தொழில்கள் பிறருடைய இயந்திரத்தையோ பிறருடைய கணினி வசதியையோ வாடகைக்கு எடுத்தே தொடங்குகின்றன. தொடக்கத்துக்கு அது எளிது. ஆனால் போட்டி முற்றும்போது, வாடகைக்குக் கொடுத்தவன் கையை விரித்தால் தொழில் அன்றே நின்றுவிடும். சொந்தக் கப்பல் வேண்டும் என்றால் லட்சக்கணக்கில் முதல் வேண்டும். ஒரு வழக்கறிஞரின் வருமானத்தால் அது முடியாது. ஒரு ஜமீன்தாராலும் எளிதில் முடியாது. பிறகு யாரால் முடியும்? ஆயிரக்கணக்கானவர் சேர்ந்தால் முடியும். அப்படிச் சேர்வதற்குரிய உருவத்தை வ. உ. சி. சட்டப் புத்தகத்தில் கண்டார்.

கம்பெனி என்னும் கருவி

கூட்டாண்மைக்கும் கம்பெனிக்கும் உள்ள வேறுபாட்டை நம் வகுப்பில் முதலாண்டிலேயே படிக்கிறோம். கூட்டாண்மையில் தொழில் நொடித்தால் ஒவ்வொரு கூட்டாளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. வீட்டையும் நிலத்தையும் விற்றாவது கட்ட வேண்டும். கம்பெனியிலோ பங்குதாரர் தாம் ஒப்புக்கொண்ட பங்குத் தொகைக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. கம்பெனி, சட்டத்தின் கண்ணில் அதன் உறுப்பினரினின்றும் வேறான ஒரு தனி ஆள். இலண்டனில் தோல் காலணி செய்த சாலமன் என்பவரின் வழக்கில் 1896இல் பிரபுக்கள் சபை இதனை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. அத்தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள்கூட நிறையாதபோது, அதே சட்டக் கருவியை எடுத்து, ஆங்கிலக் கம்பெனி ஒன்றையே எதிர்க்கப் பயன்படுத்தினார் ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்!

1906 அக்டோபர் 16 அன்று, 1882ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ், சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவரும் பாலவனத்தம் ஜமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவரானார். வ. உ. சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதியாகிய 2 லட்சம் ரூபாயை ஒருவரே தந்தார்.

ஒரு பங்கின் விலையை 25 ரூபாய் என்று வைத்ததில் ஒரு சிந்தனை இருக்கிறது. அக்காலத்தில் 25 ரூபாய் சிறு தொகை அன்று. ஆயினும் ஊர்க் கடைக்காரரும் ஆசிரியரும் குமாஸ்தாவும் முயன்றால் எட்டக்கூடிய தொகை. சேட் போன்றவர் 8,000 பங்கு வாங்கும் அதே ஏட்டில், ஒரு பங்கு வாங்கியவரின் பெயரும் இடம்பெறும். கப்பலில் செல்பவனே கப்பலுக்குச் சொந்தக்காரனாகவும் ஆகலாம்.

முத்துக்குளித்துறை மக்களுக்கு இது முற்றிலும் புதிய எண்ணமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. முத்துச் சலாபத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்து எடுத்தவர்க்கு, எஞ்சியது அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்குமா இராதா என்பது வாங்குபவர்க்குத் தெரியாது. போட்ட பணத்துக்கு மேல் நட்டம் வராது. இலாபத்துக்கோ எல்லை இல்லை. புதிய கம்பெனியின் பங்கும் ஒரு திறவாத சிப்பிதானே! ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சிப்பியின் உள்ளே இருப்பதை எவரும் மாற்ற முடியாது. கம்பெனியின் உள்ளே இருப்பதை அதை நடத்துபவர்கள் உருவாக்க வேண்டும்.

கம்பெனியின் நோக்கங்களையும் காண வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதோடு அவை நிற்கவில்லை. நம் நாட்டவர்க்கும் பிற ஆசிய நாட்டவர்க்கும் கப்பல் செலுத்தவும் கப்பல் கட்டவும் பயிற்சி அளிப்பதும், அதற்கான கல்விக்கூடமும் கப்பல் கட்டும் இடமும் அமைப்பதும் அவற்றுள் அடங்கும். வெளிநாட்டில் செய்த கப்பலை வாங்கி ஓட்டுவது முதற்படி. கப்பலைத் தாமே கட்டக் கற்பது அடுத்த படி. இதனாலேயே இதனை வெறும் போக்குவரத்துக் கம்பெனி என்னாமல் தொழில்நுட்பக் கம்பெனி என்று நான் அழைக்க விரும்புகிறேன்.

எட்டணாக் கணக்கு

வ. உ. சி. பம்பாய்க்குச் சென்று கப்பலுக்காக முயன்றார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு உரிமையாயின. ஒவ்வொன்றும் முதல், இரண்டாம் வகுப்புப் பயணியர் நீங்கலாக 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியது. பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் இதனைக் கொண்டாடி எழுதினார்.

உடனே கட்டணப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பிறகு அவர்கள் கட்டணமே வேண்டாம் என்றதோடு, பயணிகளுக்குக் குடையும் இலவசமாகத் தந்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வராது.

எடுத்துக்காட்டாக, ஒரு முறை கொழும்பு செல்ல நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். கப்பல் நிறைந்து சென்றாலும் காலியாகச் சென்றாலும் இச்செலவு பெரிதும் மாறாது. சரக்கை விட்டுவிட்டுப் பயணிகளை மட்டும் கணக்கிடுவோம். கட்டணம் நான்கு ரூபாய் என்றால் 250 பயணிகள் வந்தால் செலவு அடங்கும். ஒரு ரூபாய் என்றால் 1,000 பேர் வேண்டும். எட்டணா என்றால் 2,000 பேர் வேண்டும். ஆனால் கப்பலில் இடம் இருப்பதோ சுமார் 1,300 பேருக்கே! கப்பல் நிரம்பி வழிந்தாலும் நட்டம்தான். மக்கள் அன்போடு ஏறினாலும் நட்டம் நிற்காது. எதிரிக்கும் நட்டமே. ஆயினும் அவன் தூத்துக்குடியில் இழப்பதை வேறு கடல்களில் ஈட்டிக்கொள்வான். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரு கடல்வழிதான்.

இவ்விடத்தில் சட்டம் உதவவில்லை. இத்தகைய அடக்கவிலைக்குக் கீழான கட்டணத்தை அதிகாரம் பெற்ற ஓர் ஆணையம் ஆராய்ந்து தடுக்கும் முறை அன்று நம் நாட்டில் இல்லை. நம் நாட்டில் போட்டிச் சட்டம் வந்ததே 2002இல்தான். வ. உ. சி. கற்ற சட்டம் கம்பெனியைப் பிறப்பித்துத் தந்தது. அதைக் காப்பாற்றும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

1908

கம்பெனியை நடத்திக்கொண்டே அவர் மேடையிலும் நின்றார். அவர் அரசியலை விட்டு விலகியிருந்தால் கம்பெனிக்கு நல்லது என்று அதனோடு தொடர்புடைய சிலரே எண்ணினர். அவர் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. ஆனால் மில்லை நடத்தியவர்களே எதிர்க் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டுகள் என்பதை நாம் மறக்கலாகாது.

மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, பின் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானார்.

அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்று வரலாறு எழுதியோர் பலரும் குறிக்கின்றனர். வழக்காடும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பிழைத்தார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்தது; நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். வரையறுத்த பொறுப்பு என்னும் வேலி பங்குதாரர்களைக் காத்தது. தொடங்கியவரைக் காக்கவில்லை.

பிறர் பெற்ற பட்டறிவு

வங்கத்தில் இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884இல் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். ஆங்கில ஃப்ளோட்டில்லா கம்பெனி போட்டிக்கு வந்தது, கட்டணம் சரிந்தது, அவர் பெருங்கடனாளியானார். தூத்துக்குடியில் நடந்ததற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த அதே கதை. ஆனால் அது ஒரு குடும்பத்தின் பணம். வ. உ. சி. அந்தச் சுமையைப் பல்லாயிரம் பங்குகளாகப் பிரித்ததில் அவருடைய சட்ட அறிவு தெரிகிறது.

பின்னர் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோர் சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினர். அவர்களுடைய ‘லாயல்டி’ என்னும் கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சிந்தியாவும் கட்டணப் போரைச் சந்தித்தது, ஆனால் தாக்குப்பிடித்தது. அவர்களிடம் பெருமுதல் இருந்தது. ஒரு கடல்வழியை மட்டும் நம்பாத வாய்ப்பு இருந்தது. தலைவர் ஒருவர் சிறை சென்றால் நின்றுபோகாத நிர்வாகமும் இருந்தது. தூத்துக்குடியில் வ. உ. சி. ஒருவரே கம்பெனியின் கையும் காலும் நாவுமாக இருந்தார். அவரைச் சிறையில் அடைத்தவர்கள் கம்பெனியையும் சேர்த்தே அடைத்துவிட்டனர்.

முடிவாக

இவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது இது. தொழில்நுட்பத் தொழிலைத் தொடங்கப் பொறியாளர் மட்டுமே தகுதியுடையவர் என்பது தவறு. பலருடைய பணத்தையும் உழைப்பையும் நம்பிக்கையையும் ஒரு வடிவத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவரும் தகுதியுடையவரே. அந்த வடிவத்தைச் சட்டமும் கணக்கும் தருகின்றன. கலைக் கல்லூரியில் படிக்கும் நாம் இதனை நினைத்து நிமிரலாம். ஆனால் வடிவம் மட்டும் போதாது. கட்டணம் சரியும் காலத்தில் எத்தனை மாதம் தாங்குவோம், தொடங்கியவர் இல்லாத நாளில் யார் நடத்துவார் என்னும் இரு வினாக்களுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டே கப்பலை நீரில் இறக்க வேண்டும்.

என் தாத்தா தோணியில் வேலை செய்தவர். தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகம் ஆகும் முன்னர், கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிடும். சரக்கைத் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையில் அவர் இளமை கழிந்தது. நான் இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுப்பதைக் கண்டு ஒருநாள் சொன்னார்: “ஏலே, கப்பல் வாங்குறது பெருசில்ல. காத்தும் தண்ணியும் எதுத்து நிக்கும்போது அத நிறுத்தி வச்சிருக்கணும்லா, அதுதாம்ல பெருசு.” நான் மூன்று பக்கத்தில் எழுதியதை அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலக் கம்பெனி ஆண்ட கடலுக்கு இன்று அவர் பெயரே வாசல். அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் நான் அப்பெயர்ப் பலகையைப் பார்க்கிறேன். என் அண்ணன் மீண்டும் கடை தொடங்கப்போகிறான். இம்முறை ஒப்பந்தத்தை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே, “மொதல்ல நீ பாஸ் பண்ணுலே” என்றான். தேர்ச்சி பெற்றதும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். வழக்காட மட்டும் அன்று.